சண்டை கேம் பயிற்சிக்கு யார் எதிரே நிற்க வேண்டும்: சிபியுவா, டம்மியா, மனிதரா?

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 என்ற சண்டை கேமில், மிகக் கடினமான எட்டாம் நிலை சிபியுவையே (கேமே ஆடும் எதிராளியை) வென்று பழகியவர், ஆன்லைனில் மனிதர்களோடு தரவரிசைக்காக ஆடும் ரேங்க் மேட்ச்சில் வரிசையாகத் தோற்பது சகஜம். அவருக்குத் திறமை இல்லை என்று சொல்வது நியாயமில்லை. அவர் இத்தனை நாள் பழகியது வேறொரு விளையாட்டை.

சிபியுவுக்கு நம்மைப் போலத் திரையைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. 1991-ல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-லேயே இது தெரியும். கைல் (Guile) என்ற பாத்திரத்தை வைத்து ஃப்ளாஷ் கிக் என்ற உதையை அடிக்க நாம் கீழ்ப்பக்கம் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும். சிபியுவின் கைலோ முன்னால் நடந்து வந்தபடியே அடிப்பார். இன்றைய கேம்கள் இவ்வளவு அப்பட்டமாக ஏமாற்றுவதில்லை, ஆனால் அடிப்படை வேறுபாடு அப்படியேதான் இருக்கிறது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-ன் டிரைவ் இம்பாக்ட் என்ற தாக்குதலை எடுத்துக்கொள்ளுங்கள். அது அடியாக விழ 26 ஃப்ரேம் ஆகும். நொடிக்கு 60 ஃப்ரேம் என்பதால் அரை நொடிக்கும் குறைவு. அதற்காகவே காத்திருப்பவர் எளிதாகத் திருப்பி அடிப்பார். அடுத்த ஃபயர்பாலை எப்படித் தாண்டுவது என்ற யோசனையில் இருப்பவர் வாங்கிக்கொள்வார். அவர் எப்போது அந்த யோசனையில் இருக்கிறார் என்று கணிப்பதுதான் திறமை. சிபியுவுக்கு அப்படி ஒரு யோசனையே கிடையாது.

இதைவிடப் பெரிய குறை, அதற்குப் பயம் இல்லாதது. மனிதரை இரண்டு தடவை த்ரோ செய்தால் (பிடித்து எறிந்தால்), மூன்றாம் தடவை நெருங்கும்போதே பதறி த்ரோவை உடைக்கும் பட்டனை (த்ரோ செய்வதும் அதே பட்டன்தான்) அழுத்துவார். அந்த நேரம் ஓரடி பின்வாங்கினால் அவருடைய த்ரோ காற்றில் போகும், நமக்கு முழு கோம்போ, அதாவது தொடர் அடி, கிடைக்கும். சண்டை கேமின் உயிரே இந்த இடம்தான் என்பேன். வழக்கமான சிபியு முந்தைய த்ரோக்களை மனதில் வைத்துப் பதறாது. அதனால் இந்தப் பொறியை வைக்கவே நாம் கற்றுக்கொள்வதில்லை. மாறாக, அது எப்போதும் ஏமாறுகிற ஒரே தாக்குதலைக் கண்டுபிடித்து அதையே அடிக்கப் பழகிவிடுகிறோம். கையில் ஏறிய அந்தப் பழக்கத்தை இறக்குவது பெரும்பாடு.

டிரெய்னிங் மோடில் பயிற்சிக்காக எதிரே நிற்கும் டம்மிக்கும் புத்தி கிடையாது, ஆனால் அது நாம் சொன்னதைச் செய்யும். உங்களைத் தொல்லை செய்யும் இரண்டு மூன்று தாக்குதல்களைப் பதிவு செய்து, எது வரும் என்று தெரியாதபடி மாற்றி மாற்றி ஓடவிட்டுப் பதிலடி பழகலாம். ஒரு குறிப்பிட்ட ஓட்டையை அடைக்க இதற்கு ஈடே இல்லை. எப்போது அடிப்பது என்ற முடிவை மட்டும் இது கற்றுத்தராது.

நடுவில் இன்னொரு வகை வந்திருக்கிறது. 2024-ல் வெளியான டெக்கன் 8 என்ற சண்டை கேமின் கோஸ்ட், ஒருவர் ஆடும் விதத்தைப் படித்து அவரைப் போலவே ஆடும். மனிதரின் கெட்ட பழக்கங்களும் அதில் இருப்பதால் சாதாரண சிபியுவைவிட எவ்வளவோ மேல். அதே கேமில் தோற்ற மேட்ச்சின் ரீப்ளேயை ஓடவிட்டு, அடி வாங்கிய இடத்தில் கட்டுப்பாட்டை நாமே எடுத்து வேறு விதமாக ஆடிப் பார்க்கலாம். எனக்கு கோஸ்டைவிட இதுதான் பிடிக்கும்.

மனிதர்களோடு ஆடுவது எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு பாகிஸ்தானின் லாகூரைச் சேர்ந்த டெக்கன் ஆட்டக்காரர் அர்ஸ்லான் ஆஷ் போதும். 2019-ல் ஈவோ ஜப்பான், லாஸ் வேகஸ் ஈவோ என்ற இரண்டு பெரிய சண்டை கேம் போட்டிகளிலும் டெக்கன் 7 பட்டம் வென்றார். அதற்குமுன் வெளிநாட்டுப் போட்டிகளில் அவர் பெயர் பெரிதாக அடிபட்டதில்லை. உள்ளூரில் பலமான ஆட்டக்காரர்களோடு மோதியே வளர்ந்தவர். அதன்பின், 'நீ' (Knee) என்ற பெயரில் ஆடும் கொரியாவின் புகழ்பெற்ற டெக்கன் ஆட்டக்காரர், பயிற்சிக்காகப் பாகிஸ்தானுக்கே போனார். அவ்வளவு பெரிய ஆட்டக்காரர் தேடிப் போனது புதிய எதிராளிகளை.

சரி, நெட் மோசம், பக்கத்தில் ஆடவும் ஆளில்லை என்றால்? நகரும் ஆள் மீது கோம்போ விழுகிறதா என்று சோதிக்க நடுத்தர நிலை சிபியு போதும். மீதி நேரம் டம்மிக்கும் ரீப்ளேக்கும். நெட் நன்றாக இருக்கிற அன்று, தோற்றாலும் பரவாயில்லை என்று ரேங்க் மேட்ச்சுக்குப் போங்கள். நன்றாக ஆடுபவர் யாராவது சிக்கினால் ஒரே மேட்ச்சோடு விடாமல் அவரோடு பத்து வெற்றி வரை ஆடக் கேளுங்கள். அவர் உங்கள் பழக்கத்தைப் பிடித்து மாறுவதும், பதிலுக்கு நீங்கள் மாறுவதும் நான்கைந்து மேட்ச் தாண்டிய பிறகுதான் தொடங்கும்.