விரலி மஞ்சளா, கஸ்தூரி மஞ்சளா?

உணவுக்கு விரலி மஞ்சளே உரியது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோட்டு மஞ்சளும் இவ்வினமே. அதன் நிறத்துக்கும் வீக்கத்தைத் தணிக்கும் இயல்புக்கும் காரணமான குர்குமின், தனியாக உண்டால் உடலில் மிகக் குறைவாகவே சேர்கிறது என்பதால், அது உடலில் சேர உதவும் மிளகுத்தூளையும் மஞ்சள் பாலில் ஒரு சிட்டிகை சேர்க்கும் நம் வீட்டு வழக்கம் அறிவியலுக்கும் பொருந்தி வருகிறது.

முகத்துக்கு என் தேர்வு கஸ்தூரி மஞ்சள். கற்பூர வாசமும் கசப்பும் கொண்ட இக்கிழங்கு குழம்புக்கு உதவாது. ஆனால், பயத்தமாவும் தயிரும் குழைத்துப் பூசிக் கழுவிய பின், விரலி மஞ்சளைப் போல் கன்னத்திலும் துண்டிலும் அழுத்தமான கறையை விடுவதில்லை. வாங்கும்போதுதான் கவனம் தேவை: அசல் தூள் வெளிறிய சந்தன நிறத்தில் இருக்கும், பளீரென்ற மஞ்சளாக இருந்தால் பெரும்பாலும் வேறு கிழங்கைத்தான் அப்பெயரில் விற்கிறார்கள்.

பருவைக் குறைப்பதற்கான ஆய்வுச் சான்றுகள் இரண்டுக்குமே வலுவாக இல்லை. இரண்டுமே சிலருக்கு ஒவ்வாமை தரக்கூடும் என்பதால், முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். பித்தப்பைக் கல் உள்ளவர்களும், இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர்களும், குர்குமின் மாத்திரைகளை மருத்துவரைக் கேளாமல் உட்கொள்ளக் கூடாது. அன்றாடச் சமையலில் சேரும் அளவுக்கு அஞ்ச வேண்டியதில்லை.