அஞ்சலில் போகும் வீட்டு பீர்: பல ஆண்டுப் பரிமாற்றத்தின் அனுபவம்

வீட்டில் காய்ச்சிய பீரை அஞ்சலில் அனுப்ப விரும்புகிறவர்கள் பெரும்பாலும் பெட்டியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எத்தனை சுற்று பபுள் ராப், எந்த அட்டை, எந்தச் சேவை என்பவையே அவர்களுடைய கவலை. தெற்கு லண்டனில் இருந்துகொண்டு கிளாஸ்கோ, நார்விச், கார்டிஃப் ஆகிய ஊர்களில் உள்ள நண்பர்களுடன் பல ஆண்டுகளாகப் பாட்டில்களைப் பரிமாறிக்கொண்டு வருகிறேன். பெட்டி கட்டுவது இந்த வேலையின் எளிய பாதி என்பதே என் முடிவு. ஒரு பீர் பயணத்தைத் தாங்குமா என்பது பாட்டிலுக்கு மூடி போடும் முன்பே தீர்மானமாகிவிடுகிறது.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் வீட்டில் பீர் காய்ச்சுவதற்கு 1880 முதல் உரிமம் தேவைப்பட்டது. 1963ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் அதை நீக்கினார். அன்றிலிருந்து சொந்த உபயோகத்துக்குக் காய்ச்சத் தடையில்லை, விற்கத்தான் கூடாது. எனவே எங்களுக்குள் பணம் கைமாறுவதில்லை. அஞ்சல் கட்டணத்தையும் அனுப்புகிறவரே ஏற்கிறார். உள்நாட்டு அஞ்சலில் பீரை அனுப்ப ராயல் மெயில் அனுமதிக்கிறது. ஆனால் கசியாத பிளாஸ்டிக் உறை, ஈரத்தை உறிஞ்சும் பொருள், அனுப்புநர் முகவரி, உடையக்கூடியது என்ற குறிப்பு ஆகியவை இருந்தாக வேண்டும். அமெரிக்காவில் அரசு அஞ்சலில் மது அனுப்புவதையே கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பதே குற்றம். ஆகவே இங்கே நான் எழுதுவது பிரிட்டனுக்குள் நடக்கும் பரிமாற்றத்துக்கு மட்டுமே பொருந்தும்.

பாட்டில் வழியில் வெடித்தால் எல்லோரும் வண்டியின் குலுக்கலைக் குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் உண்மையான காரணம் முடிவடையாத நொதித்தல்தான். தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தியைக் கொண்டு மீந்திருக்கும் சர்க்கரையைக் காட்டும் ஹைட்ரோமீட்டரில் 1.014 காட்டும் பீரைப் பாட்டிலில் அடைத்து, அது உள்ளே மெல்ல 1.010க்கு இறங்கினால், அந்த நான்கு புள்ளிகளே ஒவ்வொரு லிட்டர் பீருக்கும் ஏறக்குறைய இரண்டு லிட்டர் கார்பன் டை ஆக்சைடை உண்டாக்கிவிடும். நுரைக்காக நாமே லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை சேர்க்கும்போது கிடைப்பது ஒன்றரை லிட்டர் வாயுதான். இரண்டும் சேர்ந்து, கோடை வெயிலில் நிற்கும் வண்டிக்குள் சூடேறினால், சாதாரணக் கண்ணாடி அந்த அழுத்தத்தைத் தாங்கும் என்று நம்ப முடியாது. பிரிட்டனில் வெப்பம் முதன்முறையாக 40 டிகிரியைத் தாண்டிய 2022 ஜூலையில் நாங்கள் எதையுமே அனுப்பவில்லை.

ஆகையால் மூன்று நாள் தொடர்ந்து ஒரே அளவு காட்டாத பீர் எங்கள் வீட்டிலிருந்து புறப்படுவதில்லை. செஸான் என்னும் பெல்ஜிய பீர் வகைக்கு இந்தக் காத்திருப்பும் போதாது. பெல் செஸான் போன்ற சில ஈஸ்ட்கள், மற்ற ஈஸ்ட்கள் தொடாமல் விட்டுவிடும் டெக்ஸ்ட்ரின் என்னும் சிக்கலான மாவுப்பொருள்களையும் உடைத்துத் தின்னும் என்பதால், நொதித்தல் நின்றதுபோல் தோன்றிய பிறகும் வாரக்கணக்கில் ஊர்ந்துகொண்டே இருக்கும். அவற்றைத் தடித்த பெல்ஜியப் பாட்டிலில் அடைத்து, நீண்ட நாள் வைத்திருந்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். இன்னொரு பழக்கத்தையும் எல்லோருக்கும் சொல்வேன். ஒவ்வொரு முறை பாட்டிலில் அடைக்கும்போதும் ஒரே ஒரு பாட்டில் மட்டும் குளிர்பானப் பாட்டில் செய்யும் பெட் (PET) பிளாஸ்டிக்கில் இருக்கட்டும். அதைத் தினமும் ஒருமுறை கையால் அழுத்திப் பாருங்கள். முதல் நாள் விரல் உள்ளே அமுங்கும். ஒரு வாரத்தில் இறுகும். அதன் பிறகும் இறுக்கம் கூடிக்கொண்டே போய் அடிப்பாகம் புடைத்தால், அந்தத் தொகுதியில் எந்தப் பாட்டிலும் பயணத்துக்கு ஏற்றதல்ல.

அடுத்த எதிரி ஆக்சிஜன். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து லண்டனின் ஹாட்ஜ்சன் ஆலை போன்றவை காய்ச்சிய பீர், பல மாதக் கடற்பயணத்தைத் தாண்டி கல்கத்தாவுக்கும் நம் சென்னைக்கும் நல்ல நிலையில் வந்து சேர்ந்ததற்கு, பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்களைத் தாராளமாகச் சேர்த்தது மட்டுமே காரணமில்லை. பீப்பாய்க்குள் உயிரோடிருந்த ஈஸ்டுக்கும் அதில் பங்குண்டு. இன்றும் சர்க்கரை சேர்த்துப் பாட்டிலுக்குள்ளேயே நுரை கட்ட விட்ட பீரில், அடியில் படிந்திருக்கும் ஈஸ்ட் உள்ளே புகுந்த ஆக்சிஜனில் ஒரு பகுதியைத் தானே தின்றுவிடுகிறது. போர்ட்டர், ஸ்டவுட் என்னும் கரும் பீர்களுக்கும் பெஸ்ட் பிட்டர் என்னும் ஆங்கிலேய பீருக்கும் இந்தப் பாதுகாப்பு போதும். சிட்ரா, மொசைக் வகை ஹாப்ஸ்களைக் கொட்டிக் காய்ச்சும் கலங்கலான ஐ.பி.ஏ.வுக்கு (இந்தியா பேல் ஏல்) போதாது. பாட்டிலை முன்கூட்டியே கார்பன் டை ஆக்சைடால் நிரப்பி, நுரை விளிம்புவரை எழும்போதே அதன் மேல் மூடியை வைத்து அழுத்தினால்தான் அந்த ஹாப்ஸ் தரும் மாம்பழ வாசம் நிலைக்கும். இல்லாவிட்டால் சில வாரங்களில் மஞ்சள் நிறம் மங்கிப் பழுப்பாகும்; நனைந்த அட்டையின் சுவைதான் மிஞ்சும்.

கலன்களில் எனக்குத் தெளிவான விருப்பம் உண்டு. 500 மி.லி. கண்ணாடிப் பாட்டில் பீரோடு சேர்ந்து ஏறத்தாழ 850 கிராம் வரும். ராயல் மெயிலின் சிறு பார்சல் 2 கிலோவுக்குள் அடங்க வேண்டும் என்பதால், அதில் இரண்டுக்கு மேல் போகாது. அதே அளவு பெட் பாட்டில் என்றால் மூன்று தாராளமாகப் போகும், உடையும் என்ற பயமும் இல்லை; ஆனால் பிளாஸ்டிக்கின் ஊடாக ஆக்சிஜன் மெதுவாக நுழைந்துகொண்டே இருப்பதால், ஓரிரு மாதத்துக்குள் குடித்துவிட வேண்டிய பீருக்கு மட்டுமே அது ஏற்றது. அலுமினிய கேன் எடை குறைவு, வெளிச்சமும் புகாது. கார்டிஃப் நண்பர் அதற்கான இயந்திரத்தை வாங்கி 440 மி.லி. கேன்களில்தான் அனுப்புகிறார், அவருடைய ஐ.பி.ஏ. எங்களில் எவருடையதைக் காட்டிலும் புது மணம் மாறாமல் வந்து சேர்கிறது. ஆயினும் கேனின் விளிம்பை மடித்து மூடும் இயந்திரம் இம்மி விலகினாலும் வாயு கசியும் என்பதால், ஒவ்வொரு முறையும் அவர் அந்த மடிப்பை அளந்து பார்க்க வேண்டியிருக்கிறது. நான் 330 மி.லி. பழுப்புக் கண்ணாடியிலேயே நிற்கிறேன். சிறு பார்சலில் மூன்று போகும், ஆண்டுக்கணக்கில் வைக்கலாம், கழுவித் திரும்பப் பயன்படுத்தலாம். பச்சை, வெள்ளைப் பாட்டில்கள் வேண்டவே வேண்டாம். வெளிச்சம் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து நாற்றமடிக்கும்.

பெட்டி கட்டும் முறை சிக்கலானதல்ல. ஒவ்வொரு பாட்டிலையும் முதலில் ஜிப் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றி மூடுகிறேன். அதன் மேல் சமையலறைக் காகிதம் ஒரு சுற்று, பிறகு கழுத்துக்குத் தனியாகவும் உடலுக்குத் தனியாகவும் பபுள் ராப். கழுத்து மெலிந்திருப்பதால், அங்கேயும் உடலின் பருமன் வரும்வரை சுற்றினால்தான் பாட்டில் ஒரே சீரான உருளையாகி அசையாமல் நிற்கும். இரட்டைச் சுவர் அட்டைப்பெட்டியின் அடியிலும் நான்கு பக்கங்களிலும் கசக்கிய காகிதத்தை இறுக்கித் திணித்து, பாட்டில்களுக்கு நடுவே அட்டைத் தடுப்பு வைத்து, மூடிய பிறகு காதருகே வைத்துக் குலுக்கிப் பார்க்கிறேன். கண்ணாடியோடு கண்ணாடி மோதும் ஓசை சிறிதளவு கேட்டாலும் பிரித்துத் திரும்பக் கட்ட வேண்டும்.

சேவையைப் பொறுத்தவரை, அஞ்சலக முகப்பில் உள்ளே இருப்பது பீர் என்று மறைக்காமல் சொல்லி, எண்ணை வைத்துத் தொடரக்கூடிய இரண்டு நாள் சேவையில் திங்கட்கிழமை அனுப்புவதே நல்லது; வார இறுதியில் கிடங்கில் கிடக்காது. டிசம்பர் நெரிசலைத் தவிர்த்துவிடுங்கள். தனியார் கூரியரில் நண்பர் ஒருவர் அனுப்பிய பெட்டி மூலை நசுங்கி, நனைந்து வந்தது. அந்த நிறுவனம் கண்ணாடிக்கும் திரவத்துக்கும் இழப்பீடு இல்லை என்ற விதியைக் காட்டிக் கைவிரித்துவிட்டது. விதிகளைக் கட்டணத்துக்கு முன் படிக்க வேண்டும் என்பது சரிதான். என்றாலும் அதே பெட்டிக்குக் காப்பீட்டுத் தொகையையும் வாங்கிக்கொண்டது நியாயமில்லை என்று இன்றும் நினைக்கிறேன்.

லேபிளில் பீரின் வகை, அடைத்த தேதி, ஆல்கஹால் அளவு ஆகியவற்றோடு பார்லி, கோதுமை, ஓட்ஸ், லாக்டோஸ் (பால் சர்க்கரை) எதெல்லாம் உண்டோ அதையும் எழுதுவது கட்டாயம். மில்க் ஸ்டவுட்டில் லாக்டோஸ் இருப்பது எல்லோருக்கும் தெரிந்திருக்காது. வந்து சேர்ந்த பாட்டிலை அன்றே திறப்பது பெரும் தவறு. கலங்கிய வண்டல் படிய, ஒரு வாரமாவது குளிர்பெட்டியில் நிமிர்ந்து நிற்க விட வேண்டும்.

பயணம் சுவையை மாற்றுகிறதா என்பதை நாங்கள் சோதித்தும் பார்த்தோம். கிளாஸ்கோ போய்த் திரும்பிய பாட்டிலையும், அதே நாளில் அடைத்து என் வீட்டிலேயே இருந்ததையும் மூன்று குவளைகளில் ஊற்றி, அவற்றுள் இரண்டில் ஒரே பீர் இருக்க, வேறானது எது என்று கேட்பதுதான் முறை. போர்ட்டரில் எங்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கலங்கல் ஐ.பி.ஏ.வில் முகர்ந்தவுடனே தெரிந்துவிட்டது.

இவ்வளவு சிரமம் எதற்கு என்றால், முகத்தைப் பார்க்காமல் சொல்லப்படும் கருத்துக்காகத்தான். விருந்துக்கு வருகிறவர்கள் எதைக் கொடுத்தாலும் பிரமாதம் என்பார்கள். நாங்கள் பீர் நடுவர்களுக்குச் சான்றளிக்கும் அமைப்பான பி.ஜே.சி.பி.யின் மதிப்பெண் தாளின்படி மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாய்உணர்வுக்கு 5, மொத்த மதிப்புக்கு 10 என 50 மதிப்பெண்ணுக்கு எழுதி அனுப்புகிறோம். வெண்ணெய் வாடை தரும் டயசெட்டிலை உணரும் திறன் ஆளுக்கு ஆள் வேறுபடும். நார்விச் நண்பரின் நாக்குக்கு அது மிகக் குறைந்த அளவிலேயே தட்டுப்படும் என்பதால், லாகர் வகையை அவரிடம்தான் முதலில் அனுப்புகிறோம்.

இப்போது மாரிஸ் ஆட்டர் வகை மால்ட்டும் (முளைகட்டி உலர்த்திய பார்லி) கிழக்கு கென்ட் கோல்டிங்ஸ் ஹாப்ஸும் சேர்ந்த ஒரே பிட்டரை, ஒரே ஈஸ்டைக் கொண்டு, அவரவர் ஊர்க் குழாய்த் தண்ணீரிலேயே காய்ச்சிப் பரிமாறுகிறோம். கிளாஸ்கோவுக்கு வரும் லோக் காட்ரின் ஏரித் தண்ணீர் மிக மென்மையானது. எங்கள் பகுதித் தண்ணீரோ கெண்டியில் வெள்ளைப் படிவு கட்டும் அளவுக்குச் சுண்ணாம்பு நிறைந்தது. அங்கிருந்து வந்த பாட்டிலில் கசப்பு மிருதுவாக இறங்குகிறது. என்னுடையதில் அது நாவின் பின்புறத்தில் சற்றுக் கரகரப்பாக நிற்கிறது. அடுத்த சுற்றில் அவர் தம் தண்ணீரில் ஜிப்சம் சேர்த்தும், நான் என் தண்ணீரைக் கொதிக்க வைத்துத் தெளியவிட்டும் காய்ச்சப்போகிறோம். அந்தப் பாட்டில்கள் நுரை கட்டி முடிந்ததும் ஒரு திங்கட்கிழமை இரு ஊர்களிலிருந்தும் புறப்படும்.