சோஸ்னா: 60 ரூபிளுக்கு வாங்கிய பழைய கதிர்வீச்சுமானி

பெலாரஸ் தலைநகர் மின்ஸ்க் பக்கம் ஜ்தானோவிச்சி பழைய பொருள் சந்தையில், துருப்பிடித்த சமோவாருக்கும் ராணுவ பெல்ட் குவியலுக்கும் நடுவில் கிடந்தது இந்தக் கதிர்வீச்சுமானி. கடைக்காரக் கிழவர் 80 ரூபிள் என்று ஆரம்பித்து 60-க்கு இறங்கி வந்தார். பாட்டரியும் இல்லை, கையேடும் இல்லை. "வேலை செய்யுமா?" என்று கேட்டேன். "இதை வெச்சுக்கிட்டு நான் இன்னும் உயிரோடதானே இருக்கேன்" என்றார். கிடைத்த உத்தரவாதம் அவ்வளவுதான்.

நான் கோமெலில் மருத்துவம் படிக்கிறேன், ஐந்தாம் ஆண்டு. புளூடூத் வைத்த புதுக் கருவிகள் கடையில் இருக்கும்போது இந்தக் கிழட்டுப் பெட்டி எதற்கு என்று அறைத்தோழி கேட்டாள். காரணம், பெட்டிக்குப் பின்னால் இருக்கிற ஆள்.

கருவியின் முழுப் பெயர் ஆன்ரி-01-02 'சோஸ்னா'. சோஸ்னா என்றால் பைன் மரம். மின்ஸ்கை ஒட்டி சோஸ்னி என்றே ஓர் இடம் உண்டு. பெலாரஸ் அறிவியல் அகாதெமியின் அணுசக்தி ஆய்வு நிறுவனம் அங்கேதான் இருந்தது. 1977 முதல் 1987 வரை அதன் இயக்குநர் வசீலி நெஸ்தெரென்கோ. பிறந்தது உக்ரைனின் லுகான்ஸ்க் பகுதியில், படித்தது மாஸ்கோவின் பவுமன் பொறியியல் கல்லூரியில், வாழ்நாள் வேலையெல்லாம் பெலாரஸில். 1986 செர்னோபில் அணு உலை விபத்துக்குப் பிறகு இந்த மாதிரிக் கருவி சாதாரண வீடுகளுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று நின்றவர்களில் அவர் முக்கியமானவர்.

ஆனால் அதற்கு முன்னால் அவர் கட்டிக்கொண்டிருந்தது லாரியில் ஏற்றிப் போகிற அணு உலை! பமீர்-630டி என்று பெயர், 630 கிலோவாட் மின்சாரம். உலையைக் குளிர்விக்கத் தண்ணீருக்குப் பதிலாக நைட்ரஜன் டெட்ராக்சைடு. சூடேறினால் அதன் மூலக்கூறுகள் உடையும், ஆறினால் திரும்ப ஒட்டிக்கொள்ளும். உடையும்போது வெப்பத்தை விழுங்கி, ஒட்டும்போது கக்கும். அதனால் சின்ன உலையிலிருந்தே நிறைய வெப்பத்தை அள்ளிவிடலாம் என்பது கணக்கு. கசிந்தால் பழுப்பு நிற நச்சுப் புகை. 1985-ல் இயக்கிப் பார்த்தார்கள். செர்னோபில் வெடித்த பிறகு திட்டத்தையே மூடிவிட்டார்கள். வேதியியலில் தட்டுத் தடுமாறித் தேறிய எனக்கு அந்தத் துணிச்சலைப் பாராட்டுவதா, பயப்படுவதா என்று இன்றும் தெரியவில்லை.

சரி, கருவிக்கு வருவோம். 9 வோல்ட் பாட்டரியில் ஓடும். இங்கே அதைப் பழைய சோவியத் பெயரிலேயே 'க்ரோனா' என்கிறார்கள். பாட்டரி முனையில் பச்சை பூத்திருந்தது. வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்ததும் உயிர் வந்தது. உள்ளே நான்கு கைகர் குழாய்கள், கதிர் பட்டால் மின் துடிப்பு தருபவை. பொத்தானை அமுக்கினால் 20 வினாடி எண்ணிவிட்டு பீப் அடித்து நிற்கும். திரையில் வருவது மணிக்கு எத்தனை மில்லிரோன்ட்கன் என்ற கணக்கு, புதுத் தலைமுறைக்குப் பிடிபடாத பழைய கதிர்வீச்சு அலகு. 0.012 என்று காட்டினால் இன்றைய அலகில் தோராயமாக மணிக்கு 0.12 மைக்ரோசீவர்ட், அதாவது சாதாரணம். அறையில் முதல் தடவை 0.009 காட்டியது, அடுத்த தடவை 0.016. தோழி ஜன்னலைச் சாத்த ஓடினாள். ஒன்றுமில்லை, 20 வினாடியில் குழாய்களில் விழுகிற துடிப்புகளே கைப்பிடி அளவுதான், ஆட்டம் இருக்கத்தான் செய்யும். பத்துத் தடவை எடுத்துச் சராசரி போடுங்கள். இல்லையென்றால் 'டி' என்ற நிலைக்கு மாற்றி, நிறுத்தச் சொல்லும்வரை எண்ண விடுங்கள். நேரம் கூடக் கூட எண் நிதானத்துக்கு வரும்.

அடுத்தது காளான் சோதனை. நான் வாடகைக்கு இருக்கும் வீட்டுப் பாட்டிக்கு செர்னோபில் கதிரியக்கத் தூசு விழுந்த வெத்கா மாவட்டத்துக் கிராமத்தில் பழைய வீடு ஒன்று இருக்கிறது. அங்கே பொறுக்கி உலர்த்திய பழுப்புத் தொப்பிக் காளான் ஒரு துணிப்பை நிறைய வைத்திருந்தார். சோஸ்னாவை அதன்மேல் வைத்தேன். 0.013. எடுத்து மேசைமேல் வைத்தேன். 0.012. "பாத்தியா, நல்ல காளான்" என்றார் பாட்டி. எனக்கு நம்பிக்கை வரவில்லை. சந்தையிலிருக்கும் ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன். செர்னோபில் விட்டுப்போன கதிரியக்கப் பொருளான சீசியம்-137 கிலோவுக்கு 4,100 பெக்கரல் என்றார்கள் (பெக்கரல் என்றால் வினாடிக்கு ஓர் அணு சிதைவது). உலர்ந்த காளானுக்கு இங்கே வரம்பு 2,500.

கருவி பொய் சொல்லவில்லை. அது சுற்றியிருக்கும் கதிர்வீச்சைப் பார்ப்பதற்காகச் செய்யப்பட்டது. கால் கிலோ காளானிலிருந்து வருவது இயல்பாக இருப்பதிலேயே கரைந்துபோகிறது. காளானோ வயிற்றுக்குள் போகிறது. சீசியத்தை உடம்பு பொட்டாசியம் என்று நினைத்துத் தசைக்குள் சேர்த்துக்கொள்ளும்.

நெஸ்தெரென்கோவின் பிந்தைய வாழ்க்கை முழுக்க, வெளியே அளப்பதற்கும் வயிற்றுக்குள் போவதற்கும் நடுவிலுள்ள இந்த இடைவெளியோடு போராடியதுதான் என்று நினைக்கிறேன். 1986-ல் பிள்ளைகளுக்கு உடனே தைராய்டைக் காக்கும் அயோடின் மாத்திரை கொடுங்கள், மக்களை இன்னும் தூரத்திலிருந்தும் வெளியேற்றுங்கள் என்று மேலிடத்திடம் மன்றாடினார். யாரும் கேட்கவில்லை. 1987-ல் இயக்குநர் பதவி போயிற்று. 1990-ல் பெல்ராட் என்ற தனிக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு நிறுவனத்தைத் தொடங்கினார். அந்த யோசனைக்கு எழுத்தாளர் அலெஸ் அதமோவிச்சும் இயற்பியலாளர் சகாரோவும் பின்னால் நின்றார்கள். சதுரங்கச் சாம்பியன் கார்ப்பவும்தான், நம்பினால் நம்புங்கள். அப்புறம் கிராமம் கிராமமாக உணவை அளக்கும் 370 மையங்கள், பல பள்ளிக்கூடங்களிலேயே. பாட்டிக்கு அது நினைவிருக்கிறது. "அரை லிட்டர் ஜாடியில பால் கொண்டு போவோம். அறிவியல் டீச்சர் எழுதி வெச்சுக்குவா. எண்ணு பெருசா இருந்தா பால் பன்னிக்கு" என்றார். பாலுக்கு இப்போதுள்ள வரம்பு லிட்டருக்கு 100 பெக்கரல்.

பிறகு உடம்பையே அளக்கும் நாற்காலி. பிள்ளை சில நிமிடம் உட்கார்ந்தால் உள்ளே எவ்வளவு சீசியம் என்று சொல்லிவிடும். அதை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். ஒரு காலத்தில் உலையை லாரியில் ஏற்றியவர் அல்லவா! சீசியத்தை வெளியேற்ற ஆப்பிள் பெக்டின் என்ற பழ நார்ச்சத்துப் பொடியும் கொடுத்தார். அதன் பலனைப் பற்றி மருத்துவர்களிடையே ஒத்த கருத்து கிடையாது, எனக்கும் சந்தேகம் உண்டு. அளந்து சொன்னதில் சந்தேகமில்லை. 2008-ல் இறந்தார். நிறுவனத்தை மகன் ஏற்றார்.

அப்படியென்றால் சோஸ்னா தண்டமா? நானும் அப்படித்தான் நினைத்தேன், பாட்டியின் கிராமத்துக்குப் போகும்வரை. முற்றத்தில் 0.019, வீட்டுக்குள் 0.014. கேரட் பாத்தி, கிணற்றடி, எங்கும் பெரிய வித்தியாசமில்லை. அடுப்பிலிருந்து அள்ளிய சாம்பல் வாளிமேல் வைத்ததும் 0.031. கருவியின் பின்மூடியைத் திறந்தால், மூடி தடுத்துவிடும் பீட்டா கதிர்களும் குழாய்க்குள் போகும். திறந்து வைத்தேன், 0.074. திரும்பத் திரும்ப எடுத்தேன், கீழே இறங்கவே இல்லை. காட்டு விறகில் பரவிக் கிடந்த சீசியம், விறகு எரிந்ததும் சாம்பலில் மொத்தமாகச் சேர்ந்துவிடுகிறது. சாம்பல் விஷயத்தில் இந்தப் பெட்டி சமர்த்து.

"இதைத்தான் வருஷா வருஷம் உருளைக்கிழங்குப் பாத்தியில போடறேன்" என்றார் பாட்டி.

மதிப்பெண்: ஐந்துக்கு மூன்று. சாம்பல், விறகு, வாங்கப் போகும் தோட்ட நிலம், இவற்றுக்கு வாங்கலாம். உணவுக்கு வாங்காதீர்கள், சந்தை ஆய்வகத்துக்குப் போங்கள். வாங்கும்போது பின்மூடி இருக்கிறதா, பாட்டரி முனை அரிக்காமல் இருக்கிறதா என்று பாருங்கள். பீப் சத்தத்தைக் குறைக்க வழியில்லை, இரவில் அறைத்தோழி திட்டுவாள்.

பாட்டி வாளிக்குத் தகர மூடி போட்டுக் கொட்டகையில் தள்ளிவிட்டார். அடுத்த ஞாயிறு பக்கத்து வீட்டுக்காரர் தன் அடுப்பையும் பார்க்கச் சொல்லியிருக்கிறார், அவர் மச்சினர் வீட்டுக் குளியல் கொட்டகை அடுப்பையும். இரண்டு க்ரோனா வாங்க வேண்டும்.