பையின் வாயை ஒட்டும் பழைய ஹேர் ஸ்ட்ரெய்ட்னர்

வீட்டில் பயன்பாடின்றிக் கிடந்த ஹேர் ஸ்ட்ரெய்ட்னர் ஒன்றை பிளாஸ்டிக் பைகளின் வாயை ஒட்டும் சீலராக மாற்றி மூன்று மாதங்கள் ஆகின்றன. மாற்றினேன் என்று சொல்வதுகூடச் சற்று மிகைதான். கருவியைப் பிரிக்கவும் இல்லை, அதன் மின் இணைப்புகளைத் தொடவும் இல்லை. இரண்டு தட்டுகளின் மீதும் உருகிய பிளாஸ்டிக் ஒட்டிக்கொள்ளாத டெஃப்லான் துணியைச் சுற்றிக் கட்டியதும், தனியாக ஒரு மரக்கிடுக்கி செய்ததும் மட்டுமே என் வேலை. முன்னதாக இஸ்திரிப் பெட்டியை முயன்றபோது, அதன் அடியில் உள்ள நீராவித் துளைகள் பட்ட இடங்களில் பை ஒட்டாமல் விட்டுப்போயிற்று. டோஸ்டரிலிருந்து, மின்சாரம் பாய்ந்தால் சூடேறும் நைக்ரோம் கம்பியைக் கழற்றிச் சீலர் செய்பவர்களும் உண்டு. வீட்டு மின்சாரம் பாயும் கம்பியைத் திறந்த நிலையில் கையருகே வைத்துக்கொள்ளும் துணிச்சல் எனக்கு இல்லை.

ஒட்டுவதற்கு வெப்பம், அழுத்தம், நேரம் ஆகிய மூன்றும் பொருந்த வேண்டும். மெல்லிய பாலிதீன் பை ஏறத்தாழ 105 முதல் 115 டிகிரி செல்சியஸில் உருகும். என் கருவியில் 120 முதல் 230 டிகிரி வரை வைக்கலாம் என்பதால் வெப்பத்திற்குக் குறைவில்லை. துணி சிறிது வெப்பத்தைத் தடுப்பதால் 150இல் வைத்து மூன்று விநாடி அழுத்துகிறேன். கசக்கினால் சரசரக்கும் பாலிப்ரொப்பிலீன் பை உருக 160 டிகிரிக்கு மேல் தேவைப்படுகிறது. அதில் ஒரு விநாடி கூடினாலும் ஓரம் சுருண்டுவிடுகிறது. மிகச் சிறப்பாக ஒட்டுவது அலுமினியத் தாள் பதித்த பைதான். அதன் வெளிப்படலமான பாலியெஸ்டர் உருக 250 டிகிரி வேண்டும், உள்படலமான பாலிதீனுக்கோ அதில் பாதிகூடத் தேவையில்லை என்பதால், சற்று முன்பின் ஆனாலும் பை கெடுவதில்லை.

இந்தக் கருவியின் உண்மையான குறை வேறு இடத்தில் இருக்கிறது. கடையில் விற்கும் இம்பல்ஸ் சீலரில் கம்பி ஓரிரு விநாடி மட்டும் சூடாகி, மின்சாரம் நின்ற பிறகும் பை அழுத்தத்திலேயே இருந்து ஆறுகிறது. ஸ்ட்ரெய்ட்னரின் தட்டுகளோ சூடாகவே இருக்கும். அவற்றை விலக்கும் கணத்தில் உருகிய ஓரம் இன்னும் பசைபோல இளகியிருக்கும். முதல் வாரத்தில் நான் ஒட்டிய பைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, ஒட்டிய கோட்டில் முடியிழை அளவிலான சுருக்கங்கள் குறுக்கே ஓடின. நீரில் அமிழ்த்தி அழுத்தியபோது அவற்றின் வழியே குமிழிகள் வரிசையாக வந்தன. அதற்காகவே இரண்டு மரச்சட்டங்களைக் கீல் போட்டு இணைத்து, தட்டிலிருந்து எடுத்த உடனே பையின் ஓரத்தை அவற்றுக்கிடையில் ஐந்து விநாடி அழுத்தத் தொடங்கினேன். அதன் பின் கோடு கண்ணாடிபோல் தட்டையாக அமைந்தது, குமிழிகளும் நின்றன. இந்தக் கிடுக்கி இல்லாமல் ஸ்ட்ரெய்ட்னரை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

வேறு சில தொல்லைகளும் உண்டு. தட்டின் நீளம் 9 செ.மீ. மட்டுமே என்பதால், அகலமான பையை மூன்று முறை நகர்த்தி, ஒவ்வொரு முறையும் ஒரு செ.மீ. மேல்படியுமாறு ஒட்ட வேண்டியிருக்கிறது. சலவைத்தூள் போன்றவற்றை நிரப்பும்போது வாயில் படிந்த தூளைத் துடைக்காவிட்டால் அந்த இடம் ஒட்டாது. பி.வி.சி. படலத்தை இதில் வைக்கவே கூடாது. அது கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு என்ற நச்சு வாயு வெளிவரும். மற்ற பைகளுக்கும் சன்னலைத் திறந்து வைத்துக்கொள்கிறேன்.

பக்கவாட்டில் மடிப்புள்ள பைகளில்தான் இன்னும் முழு வெற்றி கிட்டவில்லை. மடிப்புப் பகுதியில் நான்கு அடுக்குகளும் நடுவில் இரண்டு அடுக்குகளும் இருப்பதால், அவை சேரும் மூலையில் ஊசிமுனை அளவு இடைவெளி எஞ்சுகிறது. அந்த மூலையை மட்டும் கூடுதலாக இரண்டு விநாடி அழுத்துகிறேன். பத்துப் பைகளில் ஒன்றிரண்டு அப்போதும் கசிகின்றன.