ஆல்ஃபா ரோமியோ 75: பின்னால் போன கியர்பாக்ஸுடன் ஒன்பது ஆண்டுகள்

2015-இல் இத்தாலியின் பொலோன்யாவுக்கு அருகே ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியரிடமிருந்து இந்தக் காரை வாங்கினேன். 1989-இல் தயாரான 2.0 ட்வின் ஸ்பார்க் வகை. வாங்கும்போது 1,18,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. நான் ஓட்டத் தொடங்கி ஒன்பது ஆண்டுகள் முடிந்தபோது மீட்டர் 1,61,000-ஐத் தொட்டது. இந்தக் காரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதன் இன்ஜின் ஒலியையும், பின்புறம் தூக்கி நிற்கும் ஆப்பு வடிவத்தையும்தான் சொல்வார்கள். அவை முதல் ஆறு மாத மகிழ்ச்சி. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் நம்மோடு வாழ்வது, கியர்பாக்ஸை எங்கே வைப்பது என்று அன்றைய பொறியாளர்கள் எடுத்த முடிவுதான்.

இன்ஜின் முன்னால் நீளவாக்கில் இருக்கிறது. கிளட்ச், கியர்பாக்ஸ், இரு பின்சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்தளிக்கும் டிஃபரன்ஷியல் மூன்றும் ஒரே தொகுதியாகப் பின்னிருக்கைக்குக் கீழும் அதற்குப் பின்னாலும் இருக்கின்றன. இந்த அமைப்பை ஆல்ஃபா ரோமியோ 1972-இல் வந்த ஆல்ஃபெட்டா செடானில் கொண்டுவந்தது. அந்தப் பெயரே 1950, 1951 ஆண்டுகளில் ஃபரினா, ஃபாஞ்சியோ என்ற ஓட்டுநர்களை ஃபார்முலா 1 உலக சாம்பியன்களாக்கிய பந்தயக் கார்களின் செல்லப்பெயர். ஆனால் சாலைக் கார்களில் ஆல்ஃபாவுக்கு முன்பே இந்த வழியில் துணிந்து இறங்கியது இன்னோர் இத்தாலிய நிறுவனமான லான்சியா. அதன் 1950-ஆம் ஆண்டு அவுரேலியாவில், உலகின் முதல் தொடர் உற்பத்தி வி6 (ஆறு சிலிண்டர்கள் V வடிவில் அமைந்த) இன்ஜினோடு, கியர்பாக்ஸும் கிளட்சும் பின்னால் போய்விட்டன. ஆல்ஃபா ரோமியோ தொடங்கி 75 ஆண்டுகள் ஆனதைக் குறிக்க 1985-இல் அறிமுகமான இந்த 75, அந்தப் பரம்பரையின் கடைசிச் செடான்களில் ஒன்று.

எடையை முன்னும் பின்னும் ஏறக்குறையச் சரிபாதியாகப் பிரிப்பதுதான் நோக்கம் என்று எல்லோரும் சொல்வார்கள். அது உண்மை. ஆனால் இந்த அமைப்பின் நுட்பமான விளைவு நடுவில் ஓடும் தண்டில்தான் இருக்கிறது. வழக்கமான பின்சக்கர இயக்கக் காரில் அந்தத் தண்டு கியர்பாக்ஸுக்குப் பிறகு வருவதால், முதல் கியரில் மெதுவாகச் சுற்றி, பெருக்கப்பட்ட முறுக்குவிசையைச் சுமக்கிறது. இங்கே அது கியர்பாக்ஸுக்கு முன்னால் இருப்பதால் இன்ஜினின் விசையை மட்டுமே சுமக்கிறது. எனவே அதன் மூட்டுகள் தடித்த ரப்பர் வளையங்களாக இருக்க முடிகிறது. இங்குள்ள மெக்கானிக்குகள் அவற்றை ‘ஜுன்டி’ என்பார்கள். இதற்கு விலை என்னவென்றால், கிளட்ச் பின்னால் இருப்பதால், இன்ஜின் ஓடும் வரையில், சிக்னலில் நிற்கும்போதுகூட, தண்டு ஓய்வதில்லை. இன்ஜின் நிமிடத்துக்கு 5,000 சுற்று சுற்றினால் நம் முழங்கைக்குக் கீழே தண்டும் 5,000 சுற்று சுற்றுகிறது.

அப்படிப்பட்ட தண்டில் சமநிலை தவறினால் என்ன ஆகும் என்பதை மூன்றாம் ஆண்டில் கற்றுக்கொண்டேன். ரப்பர் வளையங்களில் விரிசல் கண்டதால் அவற்றை மாற்றக் கொடுத்தேன். பெயர் சொல்ல விரும்பாத அந்தப் பட்டறையில், தண்டின் இரு பகுதிகளும் எந்த நிலையில் இணைந்திருந்தன என்று குறியிடாமலேயே கழற்றிவிட்டார்கள். புது வளையங்களோடு திரும்பிய கார், 3,000 சுற்றைத் தாண்டியதும் இருக்கையின் அடியில் தையல் இயந்திரம் வைத்ததுபோல அதிர்ந்தது. வேறொரு முதிய மெக்கானிக், தண்டு முழுவதையும் வெளியே எடுத்துச் சமன் செய்துவந்து பொருத்திய பிறகே அது அடங்கியது. இந்தக் காரை வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லும் முதல் அறிவுரை இதுதான்: தண்டைக் கழற்றும் முன் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள், முடிந்தால் அருகிலேயே நில்லுங்கள்.

கியர் மாற்றுவதைப் பற்றி ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கைப்பிடிக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையே அவ்வளவு நீளக் கம்பி இருப்பதால், புதிதாக ஓட்டுபவருக்குக் கைப்பிடி எங்கோ தொலைவில் உள்ள ஒன்றைத் தேடுவதுபோலத் தோன்றும். குளிர்காலக் காலையில் இரண்டாம் கியர் எளிதில் விழாது. எண்ணெய் சூடாகும் வரை அவசரப்படாமல், நடுநிலையில் ஒரு கணம் நிறுத்தித்தான் மாற்ற வேண்டும். என் மனைவி இந்தக் காரை ஓட்ட மறுப்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம் என்கிறார். அதை மறுத்துப் பேச என்னிடம் வாதம் இல்லை.

ஆனால் பொலோன்யாவிலிருந்து ஃபிளாரன்ஸ் நோக்கிப் போகும் பழைய மலைச்சாலையில், 968 மீட்டர் உயர ராட்டிகோசாவையும் 903 மீட்டர் உயர ஃபுட்டா கணவாயையும் கடக்கும்போது கணக்கு மாறிவிடுகிறது. இறக்கத்தில் பிரேக் பிடித்தபடி வளைவுக்குள் நுழைந்தால் மூக்கு மட்டும் பாரமாக இழுக்காது. முழுக் காரும் நம் இடுப்பைச் சுற்றித் திரும்புவதுபோல இருக்கும். இதில் பாதிப் பெருமை டி டியோன் அச்சுக்கு உரியது. டிஃபரன்ஷியல் உடற்கூட்டோடு இணைக்கப்பட்டிருக்க, இரு பின்சக்கரங்களையும் ஓர் இலேசான குழாய் மட்டுமே இணைத்து, உடல் சாய்ந்தாலும் அவற்றைச் சாலைக்கு நேராக நிறுத்துகிறது. பக்கவாட்டு அசைவை வாட் இணைப்பு என்ற கம்பி அமைப்பு தடுக்கிறது. பின் டிஸ்க் பிரேக்குகளும் சக்கரத்தில் இல்லாமல் டிஃபரன்ஷியலை ஒட்டியே இருப்பதால், சக்கரத்தோடு ஏறி இறங்கும் எடை குறைகிறது. மேடுபள்ளமான மலைச்சாலையில் சக்கரம் தரையைவிட்டு எழாமல் ஒட்டிக்கொண்டு வருவதை உணர முடிகிறது.

அதே பிரேக்குகள் பராமரிப்பில் சோதனை. மற்றக் கார்களில் சக்கரத்தைக் கழற்றினால் டிஸ்க் கண்முன் நிற்கும். இதில் காரை உயர்த்தி, அடியில் படுத்து, சக்கரத்துக்குப் போகும் தண்டுகளை விடுவித்தால்தான் டிஸ்க் வெளியே வரும். பக்கத்து எண்ணெய்ச் சீல் கசிந்தால் டிஸ்கில் எண்ணெய் படியும் என்பதால், ஆண்டுக்கு ஒருமுறையாவது டார்ச் விளக்கோடு கீழே பார்த்துவிடுவேன்.

இன்ஜினைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1,962 சிசி, 148 குதிரைத்திறன், சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக், உள்ளிழுக்கும் வால்வுகளின் நேரத்தை மாற்றும் கருவி. வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டுகளைச் சங்கிலி இயக்குவதால் பெல்ட் மாற்றும் கவலை கிடையாது. லிட்டருக்குப் பத்துக் கிலோமீட்டர், நெடுஞ்சாலையில் சற்றுக் கூடுதல். எட்டுப் பிளக் வாங்கும்போது மட்டும் கொஞ்சம் வலிக்கும்.

வீட்டில் இன்னொரு கார் ஃபியட் பாண்டா. அது ஃபியட் பொறியாளர் தான்டே ஜகோசாவின் சிந்தனையில் பிறந்தது: குறுக்காக வைத்த இன்ஜின், அதன் பக்கவாட்டில் கியர்பாக்ஸ், சமநீளமற்ற இரண்டு முன் தண்டுகள். 1964-இல் அவுட்டோபியாங்கி ப்ரிமுலாவில் சோதித்து, 1969-இல் ஃபியட் 128-இல் உறுதிப்படுத்திய அந்த அமைப்பைத்தான் இன்று உலகின் பெரும்பாலான சிறு கார்கள் பின்பற்றுகின்றன. பாண்டாவில் நான்கு பேரும் வாரச் சந்தைப் பைகளும் அடங்கும். கியர் குச்சி விரல் நுனிக்குக் கீழ்ப்படியும். 75-க்குப் பின் வந்த 155-உம் ஃபியட் டிப்போவின் அடித்தளத்தில் முன்சக்கர இயக்கத்துக்கு மாறியது. செலவுக் கணக்குப் பார்த்தால் அதில் தவறு காண முடியாது. நாள்தோறும் அலுவலகம் போகவும் நகரில் நிறுத்தவும் கார் தேடுபவர் 75-இன் பக்கம் திரும்பவே வேண்டாம்.

இந்த வசந்தத்தில் பின்பக்க ரப்பர் வளையத்தில் மீண்டும் மெல்லிய கோடு தெரிந்தது. புதியது அலமாரியில் தயாராக இருக்கிறது. அதன் பக்கத்திலேயே ஒரு சுண்ணக்கட்டியும் வைத்திருக்கிறேன்.