4000 சைஸ் ஸ்பின்னிங் ரீல், மூன்று வருடம்: லைன் ரோலர் ஒன்றுதான் வில்லங்கம்

இந்தத் தூண்டில் ரீலின் விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். லைன் ரோலரில், அதாவது தூண்டில் நரம்பு ரீலுக்குள் ஏறும்போது அதைத் தாங்கி உருளும் சின்னச் சக்கரத்தில், நான்காவது பேரிங் மாற்றிய கையோடு எழுதுகிறேன்.

மூன்று வருடமாகக் கடற்கரையிலும் கழிமுகத்திலும் உழைத்த ரீல். கியரில் இன்றும் ஒரு நறநறப்பு இல்லை. டிராக்கோ (நரம்பு வெளியே ஓடும் இறுக்கத்தைக் கட்டுப்படுத்தும் பிரேக்), பாறை மீன் இழுத்து ஓடும்போதும் திக்காமல் நரம்பை விடுகிறது.

கோபமெல்லாம் ரோலர் மேல்தான். பிரெய்டு (பல இழை பின்னிய) நரம்பு குடித்து வரும் உப்புத் தண்ணீர் முழுக்க அங்கேதான் பிழிபடுகிறது. உள்ளே இருப்பதோ 4×7×2.5 மில்லிமீட்டர் பேரிங். அதற்கு ஒரு ரப்பர் சீல் கூட வைக்கவில்லை. உப்பு இறுகினால் முதலில் கீச்சென்று சத்தம் வரும், பிறகு ரோலர் சுற்றாது. தங்கூசி (ஒற்றை இழை நைலான் நரம்பு) என்றால் முறுக்கு ஏறும். பிரெய்டு என்றால் ஒரே தடத்தில் உரசிப் பள்ளம் விழும், அதன் விளிம்பே நரம்பை அறுக்கும். சந்தேகம் இருந்தால் ரோலர் மேல் பஞ்சைத் தேய்த்துப் பாருங்கள், கீறல் இருக்கும் இடத்தில் இழை சிக்கும்.

கழுவும்போது டிராக்கை இறுக்கி மூடிவிட்டு, குழாயைச் சன்னமாகத் திறந்து நல்ல தண்ணீர் விடுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் உப்பு உள்ளே போகும். வாளியில் முக்கவே கூடாது. துடைத்த பின் டிராக்கைத் தளர்த்தி நிழலில் வையுங்கள், இல்லாவிட்டால் வாஷர்கள் அமுங்கிப்போகும்.

ரோலரைக் கழற்ற ஒரே ஸ்க்ரூ. வெள்ளைத் துணி விரித்து அதன் மேல் கழற்றுங்கள். வாஷர், புஷ், பேரிங் வந்த வரிசையைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாஷர் இடம் மாறினாலும் ரோலர் பிடித்துக்கொள்ளும். பேரிங்கை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் அலசி, நன்றாகக் காயவிட்டு, ஊசிமுனையால் ஒரு சொட்டு ரீல் எண்ணெய். கடலுக்கு மட்டும் பயன்படுத்துகிறவர்கள் மரைன் கிரீஸ் வைக்கலாம். சுற்று சற்றுக் கனக்கும், ஆனால் உப்பைத் தாங்கும். தேங்காயெண்ணெய் வேண்டாம், பிசுக்காகிவிடும்.

அதே கிரீஸ் கையோடு ஆன்டி-ரிவர்ஸ் கிளட்சைத் தொடாதீர்கள். உள்ளே இருக்கும் உருளைகள் வழுக்கி, மீன் மாட்டும் நேரத்தில் கைப்பிடி பின்னால் சுற்றும். அங்கே மெல்லிய எண்ணெய், அதுவும் துளிதான்.

இந்த விலைக்கு இப்படி ஒரு கியரும் டிராக்கும் வேறு ரீலில் நான் பார்த்ததில்லை. ஆனாலும் இன்று கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். மீறி வாங்கினால், அதே அளவில் சீல் வைத்த ஸ்டெயின்லெஸ் பேரிங் நாலைக் கையோடு வாங்கி வையுங்கள்.