லத்தீன் வேர் பிடிச்சு இங்கிலீஷ் வார்த்தை படிச்சேன், அஞ்சு வருஷ அனுபவம்

வொகாபுலரி லிஸ்ட்டை மனப்பாடம் பண்றதும் மறக்கறதுமா வெறுத்துப்போய், கடைசியா லத்தீன் வேர்ச்சொல்லை வச்சு படிக்கற முறைக்கு மாறி இப்ப அஞ்சு வருஷம் ஆச்சு. நோட்டுல ஒரு பக்கத்துக்கு ஒரு வேர், அதுக்குக் கீழ அதோட பிள்ளைகுட்டிங்க, அவ்ளோதான். ஸ்கூல்ல பகுபத உறுப்பிலக்கணம்னு பகுதி விகுதி பிரிச்சு மார்க் வாங்குனோமே, கிட்டத்தட்ட அதே வேலை.

முதல்ல எழுதுன பக்கம் 'ஸ்பெக்', பாக்கறதுன்னு அர்த்தம். உள்ள பூந்து பாத்தா இன்ஸ்பெக்ட், திரும்பிப் பாக்க வச்சா ரெஸ்பெக்ட், கீழ்க்கண்ணால பாத்தா சஸ்பெக்ட், ஏளனமா குனிஞ்சு பாத்தா டெஸ்பைஸ். இதெல்லாம் ஈஸி. அதே பக்கத்துல ஸ்பைஸ் வந்து உக்காந்தப்பதான் எனக்கு இதுல பைத்தியமே பிடிச்சுது. பாக்கறதுலேர்ந்து தோற்றம், தோற்றத்துலேர்ந்து வகை, அதான் ஸ்பீசிஸ், வகையிலேர்ந்து தினுசு தினுசான வியாபாரச் சரக்கு, அந்தச் சரக்குலயும் கடைசில மசாலா சாமான் மட்டும் அந்தப் பேரைப் பிடிச்சுக்கிச்சு, நடுவுல பிரெஞ்சுக்காரங்க வாயில பூந்து வந்ததால வால் தேஞ்சு ஸ்பைஸ் ஆயிடுச்சு. இத ஒரு தடவை படிச்சா எப்படிங்க மறக்கும்?

சூப்பர்வைஸ் வேற வேர், ஆனா சொல்லாம இருக்க முடியல. சூப்பர்னா மேல, வைஸ்னா பார்வை. மேற்பார்வை, அச்சு அசல்.

தலைவலி எங்கன்னா வேர் ஒரே முகத்தோட இருக்காது. ஃபேக்ட், எஃபெக்ட், டெஃபிசிட் மூணுமே 'செய்'ங்கற ஒரே வேர்தான், முன்னாடி ஒட்டு சேர்ந்தா லத்தீன்லயே நடு உயிரெழுத்து மாறிடும். எனக்கு இது புரியவே ஒரு வருஷம் ஆச்சு, நம்ம 'வா' கூட வந்தான், வருவான்னு உருமாறுதேன்னு தோணினதுக்கப்புறம்தான் கோவம் போச்சு. அப்புறம் ரெட்டைப் பதிவு வேற. 1066ல பிரெஞ்சு பேசற நார்மன்காரங்க இங்கிலாந்தைப் பிடிச்சதுக்கப்புறம் பிரெஞ்சு வழியா நுழைஞ்சது ஷ்யூர், பின்னாடி படிச்சவங்க லத்தீன்லேர்ந்து நேரா எடுத்துக்கிட்டது செக்யூர், ரெண்டுக்கும் ஒரே அம்மா.

மானம் போன கதையும் இருக்கு. 'பெட்'னா கால், பெடல், பெடஸ்ட்ரியன் எல்லாம் அந்தக் குடும்பம். அந்த தைரியத்துல பீடியாட்ரிஷியன்னா கால் டாக்டர்னு நாலு பேர் முன்னாடி அடிச்சு விட்டேன். அது குழந்தை டாக்டர், வேர் கிரேக்கம், எழுத்து மட்டும்தான் ஒத்துப்போகுது. இன்ஃப்ளேமபிள் இதவிட டேஞ்சர், 'இன்'னு ஆரம்பிச்சா இல்லைன்னு அர்த்தம்னு நம்பி தீப்பிடிக்காதுன்னு நெனச்சா செத்தோம், அது நல்லாவே தீப்பிடிக்கும். மேனுவல், மேனுஸ்க்ரிப்ட், மேனுஃபேக்சர்ல எல்லாம் இருக்கற 'மேன்' கைங்கற அர்த்தம், சரி. அதுக்காக மேங்கோவையும் அதுல சேர்த்துடாதீங்க, அது நம்ம பக்கத்து மாங்காய்தான், போர்ச்சுகீஸ் கப்பலேறிப் போன சரக்கு.

அதனால இப்பல்லாம் புது வார்த்தை வந்தா முதல்ல டிக்‌ஷனரி, வேர் அதுக்கப்புறம்தான். அர்த்தம் தெரிஞ்ச வார்த்தைய மண்டையில ஆணி அடிச்சு மாட்டறதுக்கு இத மிஞ்ச ஒண்ணும் இல்ல, தெரியாத வார்த்தைக்கு ஜோசியம் பாக்க நம்பாதீங்க. படிக்கறதுல எனக்கு வேகம் நல்லாவே கூடிடுச்சு, கனமான கட்டுரையெல்லாம் இப்ப பயமுறுத்தறதில்ல. பேச்சுலதான் பெருசா ஒண்ணும் மாறல, ஏன்னா வாயில தினமும் வர்ற கெட், டேக், கம், கோ எல்லாம் லத்தீன்லேர்ந்து வராத ஜெர்மானியக் கூட்டம். கெட் ஓவர், டேக் ஆஃப், புட் அப் வித்னு அதுங்க அடிக்கற கூத்துக்கு என் நோட்டுல ஒரு பக்கம்கூட இல்ல.